கியர் பாக்ஸில் தண்ணீர்

போன மாதம் திண்டிவனத்திலிருந்து இரண்டு பேர் பைக்கில் வீட்டுக்கு வந்தார்கள். ரிமோட் கேட் மாட்டுகிறவர்கள். இடுப்பு பெல்ட்டில் ஸ்குரூடிரைவர்களை வரிசையாகச் செருகியிருந்தார்கள். எங்கள் காலத்தில் ஒரே ஒரு ஸ்குரூடிரைவர்தான், அதையும் பட்டறையில் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள்.

"திண்டிவனத்துப் பக்கம் பாறை மேல இருக்கிற பங்களாவுல பழைய மோட்டார் கேட்டக் கழட்டினோம் சார். அங்க வாட்ச்மேனா இருந்த பெரியவரு இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்று ஒரு பழைய தடித்த நோட்டை நீட்டினார்கள். அட்டையில் 'கேட்டு நோட்டு' என்று எழுதியிருந்தது. முப்பது வருடம் கழித்து அதைப் பார்க்கிறேன். வாங்கி, பிரிக்காமல் மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன்.

"ரிமோட்டே இல்லாத காலத்துல எப்டி சார் ஆட்டோமேட்டிக்கு?"

"வாட்ச்மேன்தாம்பா ஆட்டோமேட்டிக்கு" என்றேன். சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். போகும்போது, அதையே எங்கள் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு ஐம்பத்து நாலு வயதாகிறது. முழங்கால் எனக்கு முன்பே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், மரியாதைக்காக நானும் கூடவே ஓய்வு பெற்றேன். எழுத நேரம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில், எரிந்த மோட்டார்களுக்குக் காயில் சுற்றித் தருகிற ஒரு ரீவைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வருடம் டீ வாங்கினேன். இரண்டாம் வருடம் ஷாக் வாங்கினேன். மூன்றாம் வருடம் மெக்கானிக் ஆனேன். பட்டறைக்கு மேஸ்திரி தனகோட்டி. ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையின் இடது பையில் வேக வைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வைத்திருப்பார். தோலைக் கீழே போடாமல் வலது பையில் போட்டுக்கொள்வார். பியூஸ் கட்டைகளும் அதே வலது பையில்தான் இருக்கும். பியூஸைத் தேடும்போது ஒரு கைப்பிடி தோல் வரும், அதைப் பிரித்துப் பார்த்து பியூஸை மட்டும் எடுப்பார். அவர் தப்பாக எடுத்து நான் பார்த்ததில்லை.

கல்லுடைக்கும் கிரஷர் வைத்திருந்த ஒரு முதலாளி வெளிநாடு போய்விட்டு வந்து, அங்கே கதவு தானாகத் திறந்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார். தனகோட்டி ஒரு பழைய கியர் பாக்ஸ், ஒரு த்ரீ பேஸ் மோட்டார், ஆலைச் சங்கிலி ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து தண்டவாளத்தில் நகர்கிற ஒரு கேட் செய்தார். மேல் பொத்தானை அமுக்கினால் திறக்கும், கீழ்ப் பொத்தானை அமுக்கினால் மூடும். கேட் அந்தந்தக் கோடிக்குப் போனதும் அதில் வைத்த இரும்பு நாக்கு அந்தக் கோடிக்கான சுவிட்சைத் தட்டும். கரண்ட் நின்றுவிடும். இவ்வளவுதான் ஆட்டோமேட்டிக். பொத்தானை அமுக்குகிற ஆளுக்குச் சம்பளம் தனி. அதைப் பார்த்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இன்னும் ஆறு பேர் கேட் கேட்டார்கள்.

அந்த கிரஷர் முதலாளியின் திண்டிவனத்துப் பங்களா முழுக்க ஒரே பாறையின் மேல் நின்றது. தண்டவாளத்துக்குப் பள்ளம் தோண்டவில்லை, உளியால் கொத்தினோம். எர்த் போட ஒரு முழம் மண் கிடைக்காமல், கிணறு வரைக்கும் கம்பியை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் இறக்கினோம். சித்திரை வெயிலில் பாறை காய்ந்து, இரும்பு நீண்டு, கேட் தினமும் மதியம் ஒரு மணிக்குத் தூணில் முட்டிக்கொண்டு நிற்கும். நாலு மணிக்குத் தானாக விட்டுவிடும். முதலாளி அதைச் சாப்பாட்டு இடைவேளை என்பார். மழைக்காலம் வந்தால் மேட்டிலிருந்து தண்ணீர் சரளைக் கல்லை அடித்து வந்து தண்டவாளப் பள்ளத்தில் நிரப்பிவிட்டுப் போகும். ஒரு நெல்லிக்காய் அளவு கல் போதும். முக்கால் டன் கேட் அதன் முன்னால் மாடு மாதிரி படுத்துக்கொள்ளும்.

தனகோட்டி வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. போனதும் கேட்டைத் தொடமாட்டார். போர்டைத் திறந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு சங்கிலியைக் கழற்றுவார். பியூஸைத் திரும்பப் போட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி சுற்றவிட்டு நிறுத்துவார். மோட்டாரின் மூடியில் சிவப்புப் பெயிண்டால் அவர் வரைந்த அம்பு ஒன்று இருக்கும். மேல் பொத்தானை அமுக்கினால் மோட்டார் அந்தப் பக்கம் சுற்றவேண்டும். சுற்றினால்தான் சங்கிலியை மாட்டுவார். இத்தனைக்கும் வாயைத் திறக்கமாட்டார். முதலாளிகள் பக்கத்தில் நின்று, "இன்னா தனகோட்டி, இன்னா ஆச்சி?" என்று கேட்டால் மல்லாட்டையை நீட்டுவார். வாங்கி மென்றுகொண்டு அவர்களும் சும்மா இருப்பார்கள்.

நான் அப்படி இல்லை. வேலை பாதி, பேச்சு பாதி. சில நாள் பேச்சு முக்கால்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் அடித்த புயலில் திண்டிவனத்துப் பக்கம் கம்பங்கள் சாய்ந்தன. ஐந்து நாள் கரண்ட் இல்லை. அதுவரை வாட்ச்மேன் சவரிமுத்து சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கேட்டைத் தோளால் தள்ளித் தள்ளித் திறந்தார். ஆறாம் நாள் கரண்ட் வந்தது. சந்தோஷமாகச் சங்கிலியை மாட்டி, திறந்து கிடந்த கேட்டை மூட, கீழ்ப் பொத்தானை அமுக்கினார். கேட் மூடவில்லை. இன்னும் திறந்தது. கோடியில் இருந்த சுவிட்ச் நிறுத்தவில்லை. தண்டவாளத்தை விட்டு இறங்கி, குரோட்டன்ஸ் தொட்டிகளை நொறுக்கிக்கொண்டு, காம்பவுண்டு சுவரில் போய்ச் சாய்ந்துவிட்டது.

மற்ற ஊர்க் கேட்டுகளைப் பார்க்கத் தனகோட்டி போயிருந்ததால் நான் தனியாக வந்தேன். முதலாளி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இவன் பொத்தான மாத்தி அமுக்கிட்டான்யா. இன்னைக்கி இதுல ஒண்ணும் கோளாறு இல்லன்னு நீ சொல்லு, சாயங்காலமே இவன அனுப்பிடறேன்."

"மேல இருக்கறது தொறக்க, கீழ இருக்கறது மூட. ரெண்டு வருசமா அமுக்கிக்கினுதாங்க இருக்கேன்" என்றார் சவரிமுத்து.

சவரிமுத்துவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கேட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருக்கு வீடு. மனைவி பிலோமினா ஏழு மாதக் கர்ப்பம். வேலை போனால் அந்த அறையும் போகும்.

ஆட்களை வைத்துக் கேட்டைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தோம். மேஸ்திரி சொல்லிக் கொடுத்தபடி சங்கிலியைக் கழற்றி மோட்டாரைச் சுற்றவிட்டேன். அம்புக்கு எதிர்ப்பக்கம் சுற்றியது. விஷயம் புரிந்துவிட்டது. அறுந்த கம்பிகளைச் சேர்க்கும்போது கம்பத்தில் இரண்டு லைன் இடம் மாறிவிட்டது. அப்படி மாறினால் த்ரீ பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். திறக்கச் சொன்னால் மூடும், மூடச் சொன்னால் திறக்கும். மூடுவதை நிறுத்துகிற சுவிட்ச் மூடுகிற கோடியில் இருக்கும், கேட்டோ திறக்கிற கோடிக்குப் போயிருக்கும். நான் மோட்டாரில் இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். கேட் சமர்த்தாக ஓடியது. மொத்த வேலையும் பத்து நிமிடம்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கேட்டைத் தூக்க ஆறு ஆட்களை வைத்து, முதலாளி வீட்டில் டிபனும் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டு ஒயர மாத்தினேன்" என்று சொன்னால் என்ன மரியாதை? கையில் கொஞ்சம் கிரீஸைப் பூசிக்கொண்டு, பிறகு அதைத் துடைத்துக்கொண்டே போய்ச் சொன்னேன்: "கியர் பாக்ஸ்ல தண்ணி பூந்துடுச்சிங்க. பல்லு நழுவி ரிவர்ஸ்ல போயிருக்கு. எல்லாத்தையும் எறக்கிச் சுத்தம் பண்ணிட்டேன். இனிமே பத்து வருசத்துக்கு வராது."

பத்து வருடம் என்பதை யார் என்னைச் சொல்லச் சொன்னார்கள்?

முதலாளிக்குப் பரம திருப்தி. "அப்ப சவரி மேல தப்பில்லன்ற" என்றார். "இல்லீங்க" என்றேன். சவரிமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்கு வந்து தனகோட்டியிடம் ஒயர் மாற்றியதை மட்டும் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"லைன்ல மாறினது. லைன்மேனு எப்ப வேணா கம்பத்துலயே சரி பண்ணிடுவான். அப்ப நீ மாத்தினது தப்பாப் பூடும். கரண்டு போயிட்டு வந்தா மொதல்ல சங்கிலியக் கழட்டிச் சுத்திப் பாக்கணும்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டேன் மேஸ்திரி."

சொல்லவில்லை. கியர் பாக்ஸில் தண்ணீர் புகுந்த கதைக்கு நடுவில் அதை எங்கே சொல்வது?

நாலாம் நாள் திண்டிவனத்திலிருந்து ஆள் வந்தது. கேட் மறுபடி தலைகீழாக ஓடிவிட்டது. மூடியிருந்த கேட்டைத் திறக்க சவரிமுத்து மேல் பொத்தானை அமுக்க, அது இன்னும் மூடப் பார்த்து, நிற்காமல் கல் தூணை நெட்டித் தள்ளிப் பிளந்துவிட்டது. முதலாளியின் பெயர் செதுக்கிய சலவைக்கல் கீழே விழுந்து, பெயர் ஒரு பக்கமும் இனிஷியல் ஒரு பக்கமுமாக உடைந்தது.

இந்த முறை தனகோட்டியும் கூட வந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் நீட்டினார். வாங்கி, உரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மயிலம் தாண்டும்போது காய்ச்சல் என்று சொல்லி இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெட்கம் கெட்ட நெற்றி, ஜில்லென்று இருந்தது.

கேட் வாசலில் ஒரு கட்டை வண்டி நின்றது. அதில் ஒரு தகரப் பெட்டி, இரண்டு அலுமினியக் குண்டான், சாக்கில் சுற்றிய மாதா படம். பிலோமினா வண்டிச் சக்கரத்தில் கை ஊன்றி நின்றிருந்தார். முதலாளி நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார். உடைந்த சலவைக்கல் அவர் காலடியில் கிடந்தது.

"வா தனகோட்டி. ஒன் ஆளு கியர் பாக்ஸ சரி பண்ணிட்டான். பத்து வருசத்துக்கு வராதுன்னான். அப்ப இது யாரு வேல? குடிக்கிறானோ இன்னாவோ, பொத்தான் தெரியல. சாயங்காலம் காலி பண்றான். நீ கேட்ட மட்டும் பாரு."

தனகோட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்டைத் திறந்தார். மூன்று பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டார். சங்கிலியைக் கழற்றினார். பிறகு வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். கியர் பாக்ஸின் எண்ணெய் மூடியைத் திறந்து, ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை உள்ளே விட்டு எடுத்து வெயிலில் பிடித்தார். கம்பியில் பழைய எண்ணெய் கறுப்பாக, ஒரு சொட்டு தண்ணீர் கலக்காமல் வழிந்தது. மூடியில் எங்கள் பட்டறையில் பூட்டியபோது தடவிய பெயிண்ட் அன்றுதான் முதன்முதலாக உடைந்திருந்தது.

கம்பியை என் கையில் கொடுத்தார். "தண்ணியா?" என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தாகம் எடுத்துவிட்டது. சவரிமுத்துவின் அறை வாசலில் இருந்த குடத்தருகே போய் ஒரு சொம்பு குடித்தேன். இன்னொரு சொம்பு குடித்தேன். மூன்றாவதை மொள்ளும்போது ஒரு அருமையான யோசனை வந்தது. 'மறுபடியும் தண்ணி பூந்துடுச்சிங்க' என்று சொல்லிவிட்டால்? சவரிமுத்து தப்பித்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன். கியர் பாக்ஸைச் செய்த தனகோட்டி மட்டும் மாட்டிக்கொள்வார். அவர்தான் பேசமாட்டாரே!

பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்தது. சவரிமுத்து.

"சார், நீங்க அன்னைக்கி கியர் பாக்ஸத் தொறக்கவே இல்ல" என்றார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "நான் பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்தேன். ரெண்டு ஒயரத்தான் மாத்தினீங்க. அன்னைக்கி என்னக் காப்பாத்தத்தான் அப்டி சொன்னீங்கன்னு நெனச்சிக்கினு சும்மா இருந்துட்டேன்."

அவர் வண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இப்ப நான் சொன்னா நம்பமாட்டாரு சார். நீங்க சொல்லுங்க."

அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேனாம். நான் என் டிபனுக்கு மரியாதை தேடியவன். அந்த மனிதர் என் பொய்க்கு நானே யோசித்திராத ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்து, நாலு நாள் அதை எனக்காக வைத்திருந்திருக்கிறார். மூன்றாம் சொம்பைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

முதலாளியிடம் நடந்து போன அந்த இருபதடி தூரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குரல் வரும் என்று வாயைத் திறந்தால் ஏப்பம் வந்தது. இரண்டு சொம்புத் தண்ணீர் அல்லவா?

"கியர் பாக்ஸ்ல ஒண்ணும் இல்லீங்க. அன்னைக்கும் இல்ல. நான் சொன்னது பொய்யிங்க. கரண்டு லைன் மாறியிருந்துச்சி, ரெண்டு ஒயர மாத்தினேன். இப்ப லைன மறுபடி சரி பண்ணிட்டாங்க போல, அதனால நான் மாத்தினது தப்பாப் பூடுச்சி. இப்டி ஆகும்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லச் சொல்லித்தான் மேஸ்திரி எனக்குக் கத்துக் குடுத்திருக்காரு. நான் சொல்லல. அவரு சரியான பொத்தானத்தான் அமுக்கினாரு."

முதலாளி என்னையும் தனகோட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "கரண்டு எப்டிய்யா திரும்பும்? மூணு பேரும் சேந்து கத விடறீங்களா?"

தனகோட்டி கையை நீட்டிக் காம்பவுண்டுக்கு அப்பால் காட்டினார். அடுத்த கொல்லையில் மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கலியமூர்த்தி பம்புசெட் கொட்டகை வாசலில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் பாறையை விட்டு இறங்கி அங்கே போனோம். குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"பேஜாருங்க முதலாளி!" என்றார் கலியமூர்த்தி. "புயலுக்கு அப்புறம் கரண்டு வந்தா மோட்டாரு ரிவர்ஸ்ல ஓடுது, தண்ணி ஏறல. நானே ஒயர மாத்திக்கினேன். நல்லா ஊத்துச்சி. நேத்து லைன்மேனு வந்து டிரான்ஸ்பாரம்ல சரி பண்றேன்னு பண்ணிட்டுப் பூட்டான். இப்ப பாருங்க, மறுபடி ரிவர்ஸு! இந்த லைன்ல இருக்கிற அத்தன பம்புசெட்டும் அப்டித்தான். அவனுஞ் சரி பண்றான், நாங்களுஞ் சரி பண்றோம், ஒருத்தனுக்கும் தண்ணி வரல!"

தனகோட்டி அவருக்கு மல்லாட்டை நீட்டினார். கலியமூர்த்தி, "இது எங்க கொல்லையிலயே இருக்குதுங்க" என்றார்.

திரும்பிப் பாறை மேல் ஏறினோம். முதலாளி கேட் அருகில் வந்து உடைந்த சலவைக்கல்லின் இரண்டு துண்டையும் காலால் சேர்த்துப் பார்த்தார்.

"ஏண்டா, ரெண்டு ஒயர மாத்தினேன்னு சொன்னா நான் ஒன்னக் கடிச்சா துன்னப் போறேன்?"

"வேல சின்னதாத் தெரியும்னு பயந்துட்டேங்க."

"அதுக்கு ஒருத்தன் குடும்பத்த வண்டியில ஏத்தினியேடா." சொல்லிவிட்டு, ஏற்றியது யார் என்பது அவருக்கே ஞாபகம் வந்திருக்கவேண்டும். சவரிமுத்து பக்கம் முகத்தைத் திருப்பாமல், "மூட்டைய எறக்குப்பா" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வராது, வரவும் இல்லை. பிலோமினா மாதா படத்தை முதலில் எடுத்து உள்ளே கொண்டு போனார்.

எனக்கான தண்டனையைத் தனகோட்டி கொடுத்தார். தூணுக்கும், கேட் முட்டி நிற்கிற இரும்புக்கும் பாறையில் புதிதாகக் குழி வேண்டும். "கொத்து" என்று உளியையும் சம்மட்டியையும் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். ஒரு முழக் குழிக்கு நாலு நாள் ஆனது. புயல் போன பிறகு அடித்த அந்த வெயிலில் பாறை கீழிருந்து சுட்டது, சூரியன் மேலிருந்து சுட்டது, நான் நடுவில் தோசை. படுக்கை சவரிமுத்துவின் அறை வாசலில். பிலோமினா கேப்பைக் களி கிண்டிப் போடுவார். "கியர் பாக்ஸ்ல தண்ணி கலந்த மாரி இருக்குதா சார்?" என்று கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றுவார். நாலு நாளும் இதே கேள்வி. சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவார்.

கடைசி நாள் தனகோட்டி வந்து குழியை ஜாண் போட்டு அளந்தார். பிறகு கடையில் வாங்கி வந்த நோட்டை சவரிமுத்துவிடம் கொடுத்தார். கேட்டில் யார் என்ன செய்தாலும் இதில் எழுதவேண்டும் என்றார். முதல் பக்கத்தை என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். கரண்ட் வந்தால் முதலில் சங்கிலியைக் கழற்றி மோட்டாரைச் சுற்றிப் பார்க்கிற முறையையும் அன்றே சவரிமுத்துவுக்குச் செய்து காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அது பிடிபட இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கேட்டுக்கு அதன்பிறகு எத்தனையோ தடவை போனேன். அந்த நோட்டு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. என் முதல் பக்கம் அடுப்புக்குப் போயிருக்கும் என்று நம்பிக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தேன்.

அடுப்புக்குப் போகவில்லை. அந்த இரண்டு பேர் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தேன். முதல் பக்கத்தில் என் கோணல் கையெழுத்து: 'கியர் பாக்ஸில் கோளாறு இல்லை. இரண்டு ஒயர் மாற்றினேன். வாட்ச்மேன் மேல் தப்பில்லை. கோபால்.' அடுத்த பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் சவரிமுத்துவின் கையெழுத்து. 'மழை. கரண்டு வந்தது. சுத்திப் பார்த்தேன். சரி.' 'கரண்டு வந்தது. சுத்திப் பார்த்தேன். சரி.' ஒரு மழை, ஒரு காற்று விடவில்லை. 'பெண் குழந்தை பிறந்தது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'கரண்டு வந்தது. சுத்திப் பார்த்தேன். சரி.'

நடுநடுவே நானும் வருகிறேன். 'கோபால் சார் வந்தார். சங்கிலி தளர்ந்திருக்கிறது என்றார். பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது.' 'கோபால் சார் வந்தார். சக்கரம் தேய்ந்தது என்றார். பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது.' நான் பஸ் ஏறின பிறகு ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்திருக்கிறார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எங்காவது ஒரு இடத்தில் மாட்டியிருப்பேனோ என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். மாட்டவில்லை. படித்து முடித்தபோது இரண்டு சொம்பு தண்ணீர் குடித்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் புது மையில், போன மாதம் எழுதிய வரி ஒன்று இருக்கிறது: 'ரிமோட் கேட்டு மாட்ட ரெண்டு பேர் வந்தார்கள். பத்து வருசத்துக்கு ஒன்றும் வராது என்கிறார்கள். கோபால் சாரிடம் கேட்கவேண்டும்.'